தவிக்கும் உள்ளம்

“மேடம், காப்பாத்துங்க! நாளைக்கு மூணு மணிக்கு வாய்மொழித் தேர்வு. கையும் ஓடல, காலும் ஓடல.”

கல்லூரி நூலகத்தின் முகநூல் பக்கத்துக்கு வந்த செய்தியைப் பார்த்ததும் நூலகர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பக்கம் தொடங்கி ஐந்து மாதமாகிறது. ஆராய்ச்சிக்கு உதவி கேட்டு அங்கே எட்டிப் பார்த்த முதல் ஜீவன் இதுதான். பெயர், ‘தவிக்கும் உள்ளம்’.

“ஒருத்தருக்காவது இதால பிரயோஜனம்னு காட்டுங்க. இல்லேன்னா இந்த வாரத்தோட இழுத்து மூடுங்க” என்று முதல்வர் கெடு வைத்திருந்தார். நூலகருக்கோ அந்தப் பக்கம் பெற்ற பிள்ளை மாதிரி.

“பயப்படாதீங்க. தலைப்பு என்ன?” என்று தட்டினார்.

“தவளைக் குரலும் மழையளவும். முந்நூத்திப் பன்னெண்டு பக்கம்! இதுல என்னென்ன கேள்வி வரலாம், சொல்லுங்களேன். சத்தியமா நான் முதல் அத்தியாயத்தையே இன்னும் தாண்டல.”

நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எழுதின நீங்களே படிக்கலன்னா எப்படிங்க?”

பதிலுக்கு ஒரு அழுமூஞ்சிப் பொம்மை வந்தது. வெட்டி ஒட்டுவதில் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மகா கெட்டி என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

தேர்வுக்கு முன்னால் ஆய்வேட்டின் ஒரு பிரதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நூலகத்தில் வைப்பது வழக்கம். யாரும் பார்ப்பதில்லை என்பதும் வழக்கம். நூலகர் அதை எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பிடக்கூடப் போகாமல் தவளைகளோடு மல்லுக்கட்டினார்.

சாயங்காலத்துக்குள் ஐந்து கேள்விகள் தயார். விடைகளை எழுதவில்லை, எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று மட்டும் குறித்து அனுப்பினார். வழி காட்டலாம், ஊட்டிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

“நீங்க தெய்வம் மேடம்!” என்றது தவிக்கும் உள்ளம்.

மறுநாள் முதல்வரைக் கையோடு இழுத்துவந்து கருத்தரங்கக் கூடத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மேடையில் ஆய்வு மாணவி. எதிரே, வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

தேர்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார். நூலகர் துள்ளினார்.

“சார், இது நான் அனுப்பின கேள்வி!”

மாணவி கணீரென்று பதில் சொன்னாள். இரண்டாவது கேள்வியும் அவருடையதே. மூன்றாவதில் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

“எப்படிம்மா இவ்வளவு கரெக்டா கணிச்சீங்க?” முதல்வர் வாயைப் பிளந்தார்.

“எல்லாம் அனுபவம் சார்.”

“பிள்ளைங்களுக்கு இவ்வளவு உதவுதுன்னா மூடவே வேண்டாம். தாராளமா நடத்துங்க.”

நூலகருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் கண்கூடக் கலங்கிவிட்டது.

நாலாவது கேள்வி வந்தது. மாணவி இரண்டு கைகளையும் விரித்து, தவளையைப் போலத் தொண்டையை உப்ப வைத்துக் காட்டி, விலாவாரியாக விளக்கத் தொடங்கினாள். தேர்வாளர் தலையைக் குனிந்தபடி ‘உம்’ கொட்டினார்.

நூலகரின் மடியில் போன் அதிர்ந்தது. தவிக்கும் உள்ளம்தான்.

“மேடம், இந்தப் பொண்ணு சொல்றது சரியா?”