மூன்றாவது படகு

கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினி இருக்கிறது. தொண்டிக் கடற்கரையின் காலை வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அஸ்பியா உருவாக்கிய விளையாட்டின் ஒரு லெவலில், அலையில் ஆடும் படகுகளின் மேல் தாவித் தாவிக் கரை சேர வேண்டும். ஆடிப் பார்த்த சென்னை நண்பர்கள் எல்லாரும் மூன்றாவது படகில் தவறிக் கடலில் விழுந்து, இந்த லெவலையே எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். எடுக்குமுன் அத்தாவிடம் காட்டுகிறாள். முப்பது வருடம் மீன்பிடித்த தந்தை ஹமீது சுல்தானின் காய்த்த விரல், தாவும் பட்டன்மேல் பொறுத்திருக்கிறது. படகை அலை தூக்கும் நொடியில் அழுத்துகிறார். பொம்மை எகிறி மூன்றாவது படகில் நிற்கிறது, பிறகு நான்காவது, பிறகு கரை. "தண்ணி தூக்குறப்பத்தான தாண்டணும்? சரியாத்தானம்மா வச்சிருக்கே!" என்கிறார். அஸ்பியா நிமிர்ந்து உட்கார்ந்து நண்பர்களுக்கு எழுதுகிறாள்: "லெவல் அப்படியேதான் இருக்கும். அலை தூக்குறவரைக்கும் பொறுங்க."