முதுகுக் கொக்கிகள்

க்ளூஜ் நகர நாடக அரங்கின் தையலறை ஜன்னலில் நவம்பர் வெயில் சாம்பலாய் நிற்கிறது. நாடகத்தில் பாழடைந்த கோட்டையில் பேயாய்த் திரியும் சீமாட்டிக்கான கறுப்பு வெல்வெட் கவுன் தையல் பொம்மைமேல் ஏறியிருக்கிறது. உடைகளை வடிவமைக்கும் ஸ்மராந்தா அதை ஒருமுறை சுற்றி வந்து, "கொக்கியெல்லாம் முன்னால வரணும், பிரிச்சிடுங்க" என்கிறாள். தையல்காரர் கவ்ரில் வாயிலிருந்த குண்டூசியை எடுக்கிறார். "அந்தக் காலத்துச் சீமாட்டிக்கு முதுகுலதானே கொக்கி? நீங்கதானேம்மா அப்படி வரைஞ்சு குடுத்தீங்க." "வேலைக்காரி இருந்தா முதுகுல. இவ கோட்டைல ஒண்டியா கிடக்குறா. யாரு மாட்டி விடுவா?" "பேய்க்குமா இந்தக் கவலை?" என்கிறார் கவ்ரில். அவள் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியால் வெல்வெட்டின் முன்பக்கம் கோடு போடக் குனிகிறாள். சால்வை தோளிலிருந்து சரிகிறது. அவள் போட்டிருக்கும் கவுனின் ஜிப், கை எட்டிய மட்டும் ஏறி, நடுமுதுகிலேயே நின்றுவிட்டிருக்கிறது. கவ்ரில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு முதல் கொக்கியைப் பிரிக்கிறார்.