வாத்தியார் வீட்டுக் கார்

விருமாண்டி அதுவரை பைக் மட்டும்தான் திருடியிருக்கிறான். கார் அவனுக்குப் புதுசு. ஆனாலும் பட்டப்பகலில், அழகர்கோவில் ரோட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, சாவியும் தொங்க ஒரு வெள்ளைக் கார் தனியாக நின்றால் எந்தத் திருடனுக்குத்தான் மனசு கேட்கும்? சுற்றிலும் ஈ காக்கா இல்லை. மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

மேலூர்ப் பக்கம் பேயாண்டி என்று ஒருத்தன், திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கிறவன். அவன் கொட்டகையில் காரைச் சேர்த்துவிட்டால் போதும், ஒரு வருஷத்துக்குப் படுத்துச் சாப்பிடலாம். "பைக்கைத் தாண்டி ஒனக்கு வேற எதுவும் வராதா?" என்று பொண்டாட்டி சோலையம்மாள் தினமும் குத்திக்காட்டுகிறாள். அவள் வாயையும் அடைக்கலாம்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

"ஏங்க, சீட் பெல்ட் போடலையே."

பெண் குரல். விருமாண்டிக்கு உயிரே போய்விட்டது. பின் சீட்டில் யாரும் இல்லை. குரல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்தது.

"உங்களைத்தாங்க. போட்டாச்சா?"

"ம்," என்றான். வேறென்ன சொல்வான், பாவம். பெல்ட்டையும் போட்டுக்கொண்டான்.

காரின் சொந்தக்காரர் ஆனையூர் சவரியப்பன், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, என்ன வேகம் என்று செல்போனிலேயே பார்க்கிற ஜிபிஎஸ் கருவியைப் பிள்ளைகள் மாட்டிவிட்டிருந்தார்கள். பார்ப்பதோடு விடுவார்களா? பேசுகிற வசதியும் வைத்திருந்தார்கள். அப்பா மேல் அம்புட்டுப் பாசம். இன்றைக்கு ஓட்டுவது அப்பா இல்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

"அப்பா, எழுபதுல போறீங்க," இது சென்னையிலிருந்து மகள் ஆன்சி. "டாக்டர் என்ன சொன்னாரு?"

டாக்டர் என்ன சொன்னார் என்று விருமாண்டிக்கு எப்படித் தெரியும்? வேகத்தைக் குறைத்தான்.

படபடப்பு அடங்க ஒரு டாஸ்மாக் ஓரமாக நிறுத்தினான்.

"தவக்காலத்துல அங்க என்னங்க வேலை?" மறுபடி அந்த முதல் குரல், சவரியப்பன் மனைவி பாக்கியமேரி. குரல் தழுதழுத்தது. "ஞாயித்துக்கிழமை ஃபாதர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

விருமாண்டிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் குடிக்காமல் வண்டியை எடுத்தான். டீக்கடையில் நிறுத்தினால் சீனி போடாமல் குடிக்கச் சொன்னாள். ஒண்ணுக்கு ஒதுங்கினால் துபாயிலிருந்து மகன் ஸ்டீவ் வந்துவிட்டான். "அடிக்கடி நிறுத்துறீங்களேப்பா, சுகர் கூடிருச்சா?" கருவியைப் பிய்த்து எறிந்துவிடலாம் என்று கை போகிற இடமெல்லாம் துழாவிப் பார்த்தான். அகப்படவில்லை. இதற்குச் சோலையம்மாளே தேவலை என்று தோன்றியது.

ஒருவழியாகக் கொட்டகை வந்தது. பேயாண்டி ஸ்பேனரும் கையுமாக வந்து கார்க் கதவைத் திறந்தான்.

"அப்பா, பழைய இரும்புக் கடைக்குள்ள எதுக்கு நிக்கிறீங்க?" என்றாள் ஆன்சி. "பக்கத்துல யாரு? பேரைக் கேட்டுச் சொல்லுங்க."

பேயாண்டி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். "ஏன் மாப்ள, என் குடியைக் கெடுக்கவா வந்தே? மொதல்ல வண்டிய வெளிய எடு," என்றான் ரகசியமாக.

வெளியே எடுத்த விருமாண்டி வேறெங்கும் போகவில்லை. ரோட்டோரம் தென்பட்ட போலீஸ் ஸ்டேஷனுக்குள் நேராகக் காரை விட்டான். இன்ஸ்பெக்டர் அசோக்குமார் முன்னால் கைகட்டி நின்றான்.

"ஐயா, திருட்டு வண்டி. நான்தான் எடுத்தேன். என்னைய உள்ள வைங்க. அங்கனயாச்சும் எங்க போறே, ஏன் நிக்கிறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

கார் யாருடையது என்று இன்ஸ்பெக்டர் தேடி அலையவில்லை. காரிடமே கேட்டார். அது விலாசத்தோடு சொன்னது.

அப்போதுதான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்திருந்த சவரியப்பனும் பொண்டாட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பாக்கியமேரி காரைத் தடவித் தடவி அழுதாள். சவரியப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பாவம், அதிர்ச்சி தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்ஸ்பெக்டரே நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"கேஸ் எதுவும் வேண்டாம் சார்," என்றார் சவரியப்பன் மெதுவாக. "தவக்காலம். மன்னிச்சு விட்டுருவோம்."

பாக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பெருமையாகப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரே விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "இப்படி ஒரு மனுஷன் வண்டியிலயா கை வச்சே? கால்ல விழுடா," என்று விருமாண்டியை அதட்டினார். விருமாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நிஜமாகவே அழுதான்.

"இவனுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டு வாரேன்," என்று வாத்தியார் அவன் தோளில் கைபோட்டு ஸ்டேஷன் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதோரம் குனிந்தார்.

"ஒரு வாரமா ஊரெல்லாம் சாவியோட நிறுத்திப் பார்த்து, இன்னைக்குத்தான் ஒருத்தன் எடுத்தானேன்னு நிம்மதியா இருந்தேன், நீ திருப்பிக் கொண்டாந்துட்டியே, நாளைக்குத் திருப்பரங்குன்றத்துல நிறுத்துறேன், காதுல பஞ்சை வச்சுக்கிட்டு கேரளா தாண்டுற வரைக்கும் ஓட்டுறா தம்பி."