பளிச்சென்ற தொட்டி

மார்ச் ஒன்பது, ஞாயிறு, காலை பத்து மணி. மூன்றாம் மாடி வீட்டின் கூடம். அறுவை சிகிச்சைக்குப் பின் இன்றுதான் வீடு திரும்பிய மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஃபில்டர் இல்லாத மீன்தொட்டியின் முன் நிற்கிறாள். தண்ணீரைத் துளைத்து வந்த வெயில் சுவரில் ஆடுகிறது. நீலநிற பெட்டா மீன் துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. "ஏங்க, மொத்தத் தண்ணியையும் மாத்திட்டீங்களா?" "டீ கிளாஸ் கழுவுன தண்ணி மாதிரி கெடந்துச்சு. நீ வரியேன்னு பைப்புல புடிச்சு ஊத்தினேன்." "அது மீனுக்கு நல்லதுன்னு நான் போட்ட பாதாம் இலைச் சாயங்க! கால் பங்குதான் மாத்தணும், குளோரின் போன தண்ணியாத்தான் ஊத்தணும்னு தொட்டி மேலயே எழுதி ஒட்டிட்டுப் போனேனே." கணவர் தன் கையிலிருக்கும் ஈரத்துணியைப் பார்க்கிறார். கண்ணாடியைத் துடைக்கும்போது உரிந்த காகிதம் அதில் ஒட்டியிருக்கிறது. பத்து நாற்பதுக்கு, அந்தத் தெளிந்த தண்ணீரில் மீன் பக்கவாட்டில் மிதக்கிறது.