நியூட்ரலில் ஒரு ஜீப்

"நடுவுல இருக்கிறதுதானே பிரேக்?" ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தபடி அந்தப் பெண் கேட்டாள்.

துளசிங்கம் நிமிர்ந்து நின்றான். பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

"ஆமா மேடம். எடப்பக்கம் கிளட்ச், வலப்பக்கம் ஆக்சிலேட்டர்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

போன மாதம் இதே மாதிரி ஒரு ஃபோர் வீல் ஜீப்பை மறைமலை நகரிலிருந்து இழுத்து வந்தான். கியரை நியூட்ரலில் போட்டால் போதும் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. வண்டலூர் வருவதற்குள் கியர்பாக்ஸ் தீய்ந்து நாறியது. ஷெட் முதலாளி சௌகத் அலி கத்தவில்லை. "இன்னொரு கியர்பாக்ஸ் போச்சுன்னா வேற எடம் பாத்துக்க துளசி" என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை ஒரு கம்பெனியின் இந்த ஜீப்பை ஷெட்டுக்கு இழுத்து வர அவனை ஊரப்பாக்கத்துக்கு அனுப்பும்போதும் ஒன்று சொன்னார். "அந்தக் கம்பெனி ஆபீஸ்லேருந்து ஆள் வருவாங்க. பாத்து நடந்துக்க."

வந்தவள் பெயர் வேதா. காட்டன் புடவை, கையில் சாவி. கம்பெனியின் மண் பரிசோதனை லேபில் வேலையாம். இழுக்கும்போது ஜீப்பில் உட்கார்ந்து பிரேக் பிடிக்க வேண்டும் என்று வந்ததுமே அவளிடம் சொல்லியிருந்தான். குரலே வெளியில் வரவில்லை. ஆனால் கேள்விகள் நிற்கவில்லை.

"கியருக்குப் பக்கத்துல ரெண்டு குட்டி லீவர் இருக்கே, அது எதுக்குண்ணா?"

"ஒண்ணு முன் சக்கரத்துக்கு. அத எடுத்து வுட்டுட்டேன். இன்னொண்ணு, கியர்பாக்ஸ்லேருந்து வர்ற சக்திய முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சிக் குடுக்கிற பெட்டியோடது. அத நியூட்ரல்ல நிறுத்திக்கீறேன். இப்ப சக்கரம் சுத்தும், கியர்பாக்ஸ் சும்மா கெடக்கும்."

"மெயின் கியரை மட்டும் நியூட்ரல்ல வச்சா போதாதா?"

தெரிந்தேதான் கேட்கிறாள். போன மாதச் சங்கதி ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது.

"போதாது மேடம். உள்ள பாதி சுத்தும், பாதி நிக்கும். ஆயில் மேல ஏறாது. எரிஞ்சிடும்."

"உராய்வு" என்று தனக்குத்தானே சொல்லித் தலையாட்டினாள். இந்தக் கேள்விக்கு மார்க் விழுந்துவிட்டது.

ஷெட் வேனின் பின்னால் இரும்புத் தண்டை மாட்டி, மறுமுனையை ஜீப்பின் பம்பரில் முடுக்கினான். "ஏறுங்க மேடம். ஸ்டீயரிங்க இறுக்கிப் புடிக்காதீங்க, அதுவா வரும். நான் கைய காட்டுனா மட்டும் பிரேக்."

வேதா ரோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். வெறுங்காலில்தான் பெடல் சரியாகப் பிடிபடும் போல என்று துளசிங்கம் நினைத்துக்கொண்டான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வேன் இருபத்தைந்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்த பஸ்களெல்லாம் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. கண்ணாடியில் பார்த்தான். வேதா அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஓயாமல் அசைந்தது. தப்புகளை எண்ணுகிறாள்.

பெருங்களத்தூரில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. கையைக் காட்டினான். ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. கைதேர்ந்த ஆள்தான்.

தாம்பரம் ஷெட்டில் சௌகத் அலி வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது சிரித்தார்.

"சில்லுன்னு கீதுடா. நாளைக்கும் இங்கியே வா."

துளசிங்கத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜீப்புக்கு ஓடினான். வேதா இன்னும் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தன.

"மொதலாளி பாஸ் போட்டுட்டாரு. நீங்க இன்னா மேடம் சொல்றீங்க? ஆபீஸ்ல என்னப் பத்தி இன்னான்னு எழுதப் போறீங்க?"

"எழுதறதா?" வேதா மெல்ல ஒவ்வொரு விரலாக எடுத்தாள். "சாவியைக் குடுத்துட்டு வான்னுதான் அனுப்பினாங்க. வந்ததுமே நீங்க ஜீப்புல உக்காந்து பிரேக் புடிக்கணும்னீங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வரல."

"அப்ப அந்தக் கேள்வியெல்லாம்?"

"எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுண்ணா."