யார் அடுக்கின பெட்டி?

பெட்டியைக் கவிழ்த்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள் அவள். துணி, சீப்பு, சோப்பு என்று எல்லாம் விமான நிலையத் தரையில் சிதறி ஓடின.

எதிரே நின்றவருக்கு வேர்த்துக் கொட்டியது. கைக்குட்டை முழுசும் நனைந்துபோய், டையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை அடுக்கினது யாரு?"

"என் சம்சாரம்மா."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"இல்லம்மா, குளிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

"வெறும் துணிமணிதாம்மா."

"துணிமணிதான்னு சொல்லிக் குடுத்த பெட்டியில போதைத் தூள் இருந்த கதை தெரியுமில்ல?"

"நல்லாவே தெரியும்மா" என்றார் அவர், அழாத குறையாக.

சுவரில் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா என்று கொத்தனார் பார்ப்பதுபோல, பெட்டியின் அடியைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள். ஊக்கு ஒன்றை எடுத்து உள்துணியின் தையலைப் பிரித்தாள். அட்டை வந்தது. அட்டையையும் வளைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

பற்பசையைக் கடைசிவரைக்கும் பிதுக்கினாள். செருப்பின் குதிகாலை முகர்ந்தாள்.

"செருப்பு புத்தம்புதுசும்மா."

"புதுசுலதான் வைப்பாங்க."

வரிசையில் நின்ற ஒருவர் தன் பெட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டார். "டையெல்லாம் கட்டிக்கிட்டு, பாக்க கண்ணியமா இருக்கான். பண்ற வேலையைப் பாரு" என்றார் மனைவியிடம். டை கட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து ஒரு துணிக்கரடி அவள் கையில் அகப்பட்டது.

"அதை மட்டும் விட்டிருங்கம்மா. சின்னப் புள்ளைக்கு ஆசையா வாங்கினது."

கரடியின் வயிறு கிழிந்தது.

பெட்டி போடுகிற இடத்தை மூடப்போவதாக ஒலிபெருக்கி சொன்னது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த விமானத்தை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. அங்க புள்ள காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு."

அந்தப் பேச்சுக்கு மட்டும் அவள் கை சற்று நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கரடியின் காதுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். பஞ்சுதான் வந்தது.

சோதிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அவர் மண்டியிட்டு எல்லாவற்றையும் அள்ளித் திணித்தார். மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஒருவழியாக மூடினார். மூட்டை இறக்கியவர் மாதிரி மூச்சு வாங்கியது அவருக்கு.

"இப்பவாவது நம்பிக்கை வந்துச்சாம்மா?"

"என்னை ஜெயில்லேருந்து மீட்டவர் நீங்க, உங்க மேல இல்லாத நம்பிக்கையா வக்கீல் சார்? ஆனா இன்னொருத்தர் குடுக்கிற பெட்டி மட்டும் இனி வேணாம், என் பொண்ணுக்கு நான் போய்ச் சேந்தாப் போதும்."