பேச்சியம்மாளின் பாஸ்வேர்டு

"பாஸ்வேர்டைச் சொல்லுங்கோ அம்மா, நானே அடிச்சுடறேன். நேக்கு அக்கரைக்குப் போற போட்டைப் பிடிக்கணும்" என்றார் அதிகாரி வைத்தீஸ்வரன்.

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேலே சஜி நடத்தும் அரசாங்கக் கம்ப்யூட்டர் மையத்தின் தலையெழுத்து இன்று இந்த அதிகாரியின் கையில் இருந்தது. டெலிபோன் லைனில் ஊர்ந்து வரும் இன்டர்நெட்டுக்குப் பதிலாக பிராட்பேண்ட் போட்டுத் தர அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது. ஆனால், வீட்டுக்கு ஒருவராக இங்கே வந்து படித்தவர்கள் நிஜமாகவே ஏதாவது கற்றிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். தேறாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இத்தனை பேர் இருக்க, மனிதர் கிடங்கில் சுக்கு புடைக்கிற பேச்சியம்மாளைத்தானா கூப்பிட வேண்டும்!

அவளும் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். மெயிலைத் திறந்தாள். மஸ்கட்டிலிருந்து மகள் அனுப்பிய பேத்தியின் போட்டோ மெல்ல மெல்ல இறங்கியது. நெற்றி வந்தது, புருவம் வந்தது. மூக்கு வருவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து திறக்க வேண்டும். அவள் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடத் தொடங்கியதும் அதிகாரிக்குப் பொறுமை போயிற்று.

"அம்மே, சார் கேக்குந்நுண்டல்லோ. பறஞ்ஞு கொடுங்க!" சஜி கெஞ்சினான்.

"அதெல்லாம் சொல்லப்படாது சஜி."

"மறந்து போயிடுத்தா?" என்றார் அதிகாரி.

"மறக்கதா? நல்லா கேட்டீக! கட்டையில போற வரைக்கும் மறக்காது."

"அப்புறம் சொல்றதுக்கென்ன?"

"நீங்க கலெக்டராவே இருந்தாலும் சொல்ல மாட்டேன் சாரே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நானே அடிக்கேன்."

வைத்தீஸ்வரனின் முகம் சிவந்தது. போச்சு, பிராட்பேண்டும் போச்சு, தன் பிழைப்பும் போச்சு என்று சஜி கண்களை மூடிக்கொண்டான். பேச்சியம்மாள் விசைப்பலகையைக் கையால் மறைத்தபடி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள். மெயில் திறந்துகொண்டது.

சட்டென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. வைத்தீஸ்வரன்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பேஷ்! எத்தனையோ சென்டர் பார்த்துட்டேன். பெரிய படிப்புப் படிச்சவாகூட பாஸ்வேர்டை ஊருக்கெல்லாம் சொல்லிண்டு திரியறா. அதிகாரியே அதட்டிக் கேட்டாலும் சொல்லப்படாதுன்னு இந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கே! நன்னாப் படிப்பிச்சிருக்காய் சஜி. பிராட்பேண்ட் வந்தாச்சுன்னே வச்சுக்கோ."

அவர் படியிறங்கிப் போனதும் சஜிக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். கையெல்லாம் சுக்கு மணம். குலுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அந்தப் பாடத்தை அவன் இன்னும் நடத்தவே இல்லை.

"அம்மே, பாஸ்வேர்டு யார்கிட்டயும் பறயக்கூடாதுன்னு ஞான் இன்னும் படிப்பிச்சதே இல்லல்லோ? ஆரு சொல்லித் தந்தா?"

"இதுக்குக்கூட ஒருத்தர் சொல்லித் தரணுமாக்கும்?"

அதிகாரி போய்விட்டாரா என்று பேச்சியம்மாள் படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள். முகத்தில் புதுப்பெண்ணின் வெட்கம்.

"மறக்காத பேரா ஒண்ணு வைக்கச் சொன்னே, வச்சேன். அதுக்காகக் கட்டுன புருஷன் பேரை வாயால சொல்ல முடியுமா மோனே?"